கப்பலில் பஃபே சாப்பாடு: புதுத் துணி எடுக்க வேண்டுமா?

கேள்வி: மகன் பிரான்சில் இருக்கிறான். அக்டோபரில் மார்செய் துறைமுகத்திலிருந்து 7 ராத்திரி கப்பலில் போக எங்கள் இருவருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருக்கிறான். "ராத்திரி சாப்பாடு பஃபேயில்தான் அத்தை, கேஷுவலாக வந்தால் போதும்" என்கிறாள் மருமகள். நேரு வீதியில் ஒரு கடையில் விசாரித்தால், கப்பலுக்கென்றே தனி உடை இருக்கிறது என்று கவுனும் கோட்டுமாக எடுத்துப் போட்டு இருபதாயிரத்துக்கு மேல் கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு 62 வயது. புடவை தவிர வேறு உடுத்தியதில்லை. வீட்டுக்காரர் வெளியே பேன்ட் சட்டை, வீட்டில் கைலி. என்ன வாங்குவது?
குருசுக்குப்பம் வாசகி, புதுச்சேரி

பதில்: அம்மா, அந்த இருபதாயிரத்தை அப்படியே பீரோவில் வையுங்கள். மருமகள் சொன்னதுதான் சரி.

கப்பலில் டிக்கெட் விலைக்குள் அடங்கிய சாப்பாடு பொதுவாக இரண்டு இடத்தில் கிடைக்கும். மேஜைக்கு வந்து பரிமாறும் பெரிய சாப்பாட்டுக் கூடம் ஒன்று. தட்டை எடுத்துக்கொண்டு போய் நாமே போட்டுக்கொள்ளும் பஃபே இன்னொன்று. உடை பற்றிக் கம்பெனிகள் எழுதி வைத்திருக்கும் விதிகளில் பெரும்பகுதி அந்தப் பெரிய கூடத்துக்குத்தான். ஒரு ராத்திரியோ இரண்டு ராத்திரியோ கோட்டும் கவுனுமாக ஆட்கள் வருவதும் அங்கேதான். பஃபேயில் பார்ப்பது மூன்றே விஷயம்: காலில் செருப்பு இருக்கிறதா, மேலுக்குச் சட்டை இருக்கிறதா, நீச்சல் குளத்திலிருந்து ஈரம் சொட்ட நேரே வந்துவிட்டார்களா. கோட்டு போடும் ராத்திரியில்கூடப் பெரும்பாலான கப்பல்களில் பஃபே வழக்கம்போலவே நடக்கும். அலங்காரத்தில் விருப்பமில்லாதவர்கள் அன்றைக்கு அங்கே வந்துவிடுவார்கள்.

ஆனாலும் மகனிடம் சொல்லி அந்தக் கப்பலின் உடை விதியை ஒருமுறை படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பஃபேக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும். ராயல் கரீபியனில் அது விண்ட்ஜாமர், கார்னிவலில் லிடோ. உங்கள் கப்பலில் அதற்கு என்ன பெயரோ, அந்தப் பெயருக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

கேஷுவல் என்றால் எவ்வளவு கேஷுவல் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் சொல்லும் அளவு இதுதான்: பெரிய மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போவதற்கு ஒரு படி மேலே, சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கு ஒரு படி கீழே. அந்த இடைப்பட்ட படியில் உங்களிடம் ஏற்கெனவே பத்துப் புடவையாவது இருக்கும்.

அந்தப் பத்தில் எது என்பதில்தான் கொஞ்சம் யோசனை வேண்டும். கேபினில் இஸ்திரி போட முடியாது. தீ விபத்து பயத்தால் இஸ்திரிப் பெட்டியும் துணிக்கு ஆவி பிடிக்கும் கருவியும் பெரும்பாலான கப்பல்களில் தடை. பெட்டியில் இருந்தால் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதனால் கஞ்சி போட்ட காட்டன் புடவை வேண்டாம். பெட்டியில் இரண்டு நாள் மடிந்து கிடந்தாலே அதன் கம்பீரம் போய்விடும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். முந்தானையின் ஓரத்தைக் கைக்குள் கசக்கி, ஒன்றிலிருந்து இருபது எண்ணும்வரை இறுக்கிப் பிடித்துவிட்டு விரியுங்கள். கோடு கோடாக நின்றால் அந்தப் புடவை வீட்டிலேயே இருக்கட்டும். உதறினதும் சமமாகிவிட்டால் அதுதான் கப்பலுக்கு. பூனம், கிரேப், ஜார்ஜெட் எல்லாம் இதில் தேறும். பட்டு ஒன்றே ஒன்று, அதுவும் அந்தக் கோட்டு ராத்திரியில் பெரிய கூடத்துக்குப் போக ஆசையிருந்தால் மட்டும். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு எந்தக் கப்பலின் எந்தக் கூடத்துக்குள்ளும் தலைநிமிர்ந்து போகலாம். கவுன் எதற்கு?

நிறத்தையும் பாருங்கள். மத்தியதரைக் கடல் பக்கத்துக் கப்பலில் தக்காளிச் சாறும் ஆலிவ் எண்ணெயும் இல்லாத தட்டு அபூர்வம். தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நகரும்போது முந்தானை முதலில் போய்த் தொடுவது சாஸ் இருக்கும் கரண்டியைத்தான். நான் தம்பி குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து 4 ராத்திரி கப்பலில் போனபோது, முதல் நாளே வெளிர்மஞ்சள் துப்பட்டாவின் நுனி குழம்புக்குள் முங்கி எழுந்தது. மறுநாளிலிருந்து அடர்நிறம் மட்டும்தான் உடுத்தினேன். முந்தானையை மடித்துத் தோளில் ஒரு பின், இடுப்போரம் ஒரு பின் குத்திக்கொள்ளுங்கள். பஃபே பெரும்பாலும் மேல் தளத்தில் இருக்கும். வெளியே உட்கார்ந்து சாப்பிடவும் இடம் போட்டிருப்பார்கள். அங்கே அடிக்கும் காற்று நம் கடற்கரைச் சாலைக் காற்றைப் போல இரண்டு பங்கு.

உள்ளே ஏசி குளிர் வேறு. காசு செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் இதற்குச் செலவு செய்யுங்கள்: ஒரு நல்ல சால்வை, எல்லாப் புடவைக்கும் பொருந்துகிற கறுப்போ கருநீலமோ. அக்டோபர் ராத்திரியில் டெக்கில் நிற்க ஒரு ஸ்வெட்டரும் வேண்டும். வாங்கும்போது விலைச் சீட்டைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேலே போனால் 18 சதவீதம். அச்சடித்த எம்ஆர்பி விலைக்குள் வரி அடக்கம். அதற்கு மேல் வரி என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஐயாவுக்கு இரண்டு பேன்ட், நாலு காலர் வைத்த அரைக்கைச் சட்டை. அவ்வளவுதான். கைலி கேபினுக்குள் மட்டும். குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்த கைலியின் அருமை நமக்குத் தெரியும். அங்கே அதைப் பார்ப்பவர்கள் குளிக்கப் போகிற துண்டு என்று நினைப்பார்கள். நைட்டிக்கும் இதேதான். நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்ப் பால் வாங்கி வருவது நம்மூரில் சாதாரணம். ஆனால் கப்பலில் காலை காபிக்கு இறங்கும்போது இரவு உடையில் போக வேண்டாம்.

ஏழு ராத்திரிக்கு ஏழு புடவையும் தேவையில்லை. நாலு போதும். நேற்று நீங்கள் என்ன கட்டியிருந்தீர்கள் என்று ஆயிரக்கணக்கான பேரில் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் சென்னையிலிருந்து கப்பலில் போகிறோம். ஷார்ட்ஸ், கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு ராத்திரி பஃபேக்குப் போகலாமா?
மஞ்சக்குப்பம் வாசகர், கடலூர்

பதில்: ஷார்ட்ஸ் பல கப்பல்களில் பஃபேக்குச் சரி. முட்டி வரை வருகிற, தடிமனான துணியில் தைத்ததாக இருக்கட்டும். கையில்லாத பனியன் வேண்டாம் தம்பி. விதியில் இடமிருந்தாலும், பக்கத்தில் குழந்தைகளும் பெரியவர்களும் சாப்பிடுகிற இடத்தில், உணவுப் பாத்திரத்துக்கு மேலே கை நீட்டி எடுக்கிற இடத்தில் அது நன்றாக இருக்காது. ஒரு டி-சர்ட் போட்டுக்கொள்வதில் என்ன சிரமம்? அப்புறம், ஆளுக்கு ஒரு முழு பேன்ட் எடுத்துப் போங்கள். ஒரு நாள் பரிமாறும் கூடத்தில் சாப்பிடத் தோன்றினால் ஷார்ட்ஸோடு நின்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

சென்னை என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 ஜூனில் அங்கிருந்து கிளம்பத் தொடங்கிய கார்டிலியா எம்ப்ரஸ் கப்பல் புதுச்சேரிக்கும் வந்து, சூதாட்டம் பற்றிய எதிர்ப்பால் அனுமதி கிடைக்காமல் கடலிலேயே நின்றுவிட்டுப் போனது. அந்தக் கப்பல் 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்துக் கப்பல்கள் இன்றைய ராட்சதக் கப்பல்களைவிடச் சின்னவை. நீங்கள் ஏறுவது அப்படிப்பட்ட கப்பல் என்றால் கேபினில் அலமாரியும் சின்னதாகத்தான் இருக்கும். ஆறு பேரும் ஆளுக்கொரு பெரிய பெட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: கப்பலுக்குப் புது ஷூ தேவையா? ஐந்தாறு வருடம் முன்பு வாங்கி, இரண்டு தடவை மட்டும் போட்ட ஷூ புதிதாகவே இருக்கிறது.
வில்லியனூர் வாசகர்

பதில்: அந்த ஷூவை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். என் தம்பியிடமும் இதே மாதிரி ஒரு ஜோடி இருந்தது, பெட்டி பிரிக்காத பளபளப்போடு. இரண்டாம் நாள் ராத்திரி பஃபேயில் தட்டோடு நடந்து வந்தவன் திடீரென்று நொண்டினான். குனிந்து பார்த்தால், வலது காலின் அடிப்பாகம் ஈர வெல்லம் மாதிரி பிசுபிசுவென்று உதிர்ந்து, வந்த வழியெல்லாம் கறுப்புத் துணுக்குகள். பாவம், மீதி நாளெல்லாம் குளியலறைச் செருப்போடு திரிந்தான்.

ஷூவின் அடியில் பாலியூரித்தேன் என்ற பொருளை வைத்துச் செய்தவை ஏராளம். காற்றில் உள்ள ஈரம் அதை வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு ஈரத்துக்கா பஞ்சம்? தினமும் போடுகிற ஷூவைவிடப் பெட்டிக்குள் மூடிக்கிடக்கும் ஷூவில் இது சீக்கிரம் வரும். கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்துங்கள், பாதியாக வளைத்துப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ, ஒட்டினாலோ, மெல்லிய வெடிப்புத் தெரிந்தாலோ அதை நம்பிக் கடலில் இறங்காதீர்கள்.

பஃபேக்கு முழு ஷூவே தேவையில்லை. குதிகாலில் வார் வைத்த, ரப்பர் அடி போட்ட செருப்பு போதும். குளம் பக்கத்தில் இருப்பதால் வாசல் தரை ஈரமாக இருக்கும். கப்பலும் லேசாக ஆடும். அங்கே ஹவாய் செருப்பு வழுக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அங்கே பில் கிடைக்காது. நடக்கிற பொருளை பில் போடுகிற கடையில் வாங்குவதே நல்லது. வாங்கி ஒரு வாரமாவது போட்டு நடந்து பழக்குங்கள்.

கேள்வி: கப்பல் பயணத்துக்காக லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் 2,200 ரூபாய்க்கு லினன் சட்டை எடுத்தேன். டேக்கில் போட்டிருந்தபடி குளிர்ந்த நீரில்தான் துவைத்தேன். முதல் தடவையிலேயே சாயம் போய்ச் சுருங்கிவிட்டது. கேட்டால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள்.
திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்றால் கடைக்காரர் மாற்றித் தருவது அவர் விருப்பம். குறையுள்ள பொருள் என்றால் கதை வேறு. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள்.

சட்டையை மறுபடி துவைக்காதீர்கள். பில், டேக், சட்டை மூன்றையும் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள். அதே கடையில் அதே அளவுச் சட்டை தொங்கினால் பக்கத்தில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது, சுருங்கியது கண்ணுக்கே தெரியும். கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நிறையக் கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். அப்படியும் நகரவில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே புகார் போடலாம். 5 லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் வரை நேரம் உண்டு. 2,200 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள் சார். நீங்கள் உழைத்த காசு அது.

பயணத்துக்கு இடையில் நாள் குறைவு என்றால், வேறு லினன் தேடி அலைய வேண்டாம். லினன் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும், கேபினில் தேய்க்க வழியில்லை. டெரிகாட்டன் சட்டை போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போய்ச் சாப்பிடுங்கள்.

கேள்வி: கப்பலேறும் அன்றைக்கே ராத்திரி சாப்பாட்டுக்கு உடை மாற்றிக்கொள்ள முடியுமா?
அரியாங்குப்பம் வாசகி

பதில்: முடியும், ஆனால் பெரிய பெட்டியை நம்பாதீர்கள். துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளும் பெட்டி கேபின் வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். சில சமயம் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிடும். தோள்பையில் ஒரு செட் உடை, சால்வை, மாத்திரை, பின் எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ராத்திரியும் இப்படித்தான். பெட்டியை அன்றைக்கு ராத்திரியே வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலையில் இறங்கும்போது உடுத்த வேண்டியதை அதற்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.