கஸ்டம் ஃபீல்டு மதிப்புகளை மறுபடி வராமல் எடுப்பது எப்படி?

வேர்ட்பிரஸில் பல பதிவுகளில் 'நிறம்' என்ற கஸ்டம் ஃபீல்டு (பதிவோடு நாமே சேர்க்கும் கூடுதல் தகவல்) இருக்கிறது. ஒவ்வொரு நிறமும் ஒருமுறை மட்டும் வரும்படி பட்டியல் வேண்டும், சரிதானே?

எல்லாப் பதிவுகளையும் லூப்பில் ஓட்ட வேண்டாம், வீண் சுமை. மதிப்புகள் டேட்டாபேஸின் போஸ்ட்மெட்டா (postmeta) அட்டவணையில்தான் இருக்கின்றன. டேட்டாபேஸோடு பேச வேர்ட்பிரஸ் தரும் டபிள்யூபிடிபி ($wpdb) ஆப்ஜெக்டில், ஒரே நெடுவரிசையை எடுத்துத் தரும் கெட்-கால் (get_col) வழியாக, மெட்டா-கீ 'நிறம்' என்றுள்ள வரிசைகளின் மெட்டா-வேல்யூவை, மறுபடி வருவதை விட்டுவிடும் செலக்ட் டிஸ்டிங்க்ட் (SELECT DISTINCT) போட்டு எடுங்கள். கீயை நேரடியாகக் குவெரியில் ஒட்டாமல் மதிப்பைப் பாதுகாப்பாகச் சேர்க்கும் பிரிப்பேர் (prepare) மூலம் கொடுங்கள். அப்புறம், போஸ்ட்ஸ் அட்டவணையோடு ஜாயின் செய்து பப்ளிஷ் ஆனதை மட்டும் வடிகட்டுங்கள். இல்லையென்றால் டிராஃப்டில் கிடப்பதும் வந்து நிற்கும்.

செக்பாக்ஸ் மாதிரி பல மதிப்புகளை ஒரே ஃபீல்டில் அரேயாகச் சேமித்திருந்தால் இது உதவாது. சீரியலைஸ் ஆன சரம், அதாவது முழு அரேயும் ஒரே எழுத்துத்தொடராக மாறியது, அப்படியே வரும். பிஎச்பியில் பிரித்து, மறுபடி வருவதை நீக்கும் அரே-யூனிக் (array_unique) போட வேண்டியதுதான். என்னைக் கேட்டால், அடிக்கடி தேவைப்படும் பட்டியலுக்கு டாக்ஸானமிதான் (கேட்டகரி, டேக் போன்ற வகைப்பாடு) பொருத்தம்.