தூங்கும்போது கிளம்பிய ஆச்சி

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம். நல்ல பள்ளி, வருடத்துக்கு 85,000 ரூபாய் கட்டியிருக்கிறோம். ஐந்து வாரமாகியும் வாசலில் அழுகை நிற்கவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறாள். ஆயாம்மா சொன்னபடி, அவள் வேறு பக்கம் பார்க்கும்போது நான் நழுவி வந்துவிடுகிறேன். இரவில் நாலைந்து முறை விழித்து என் நைட்டியைப் பிடித்துப் பார்க்கிறாள். டிபன் டப்பா திறக்காமலே திரும்பி வருகிறது. இத்தனைக்கும் இதற்கு முன்னால் எதற்கும் அழாத குழந்தை. நான் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்ட என் மாமியாரும் மே மாதக் கடைசியில் சங்கரன்கோவில் பக்கம் ஊருக்குப் போய்விட்டார்கள், அது வேறு விஷயம். நல்லவேளை, இவள் தூங்கும்போதே பஸ் ஏறிவிட்டதால் ரகளை எதுவும் இல்லை. மாண்டிசோரி பள்ளிக்கு மாற்றலாமா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? போன விஜயதசமிக்கு எழுத்து ஆரம்பித்தபோது எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். அன்று எவ்வளவு சமர்த்தாக இருந்தாள் பாருங்கள்.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: ஜூன், ஜூலையில் எனக்கு வரும் கடிதங்களில் பாதி பள்ளிக்கூட வாசலிலிருந்துதான் வருகின்றன. "பத்து நாளில் பழகிவிடும்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த உறையைப் பிரிப்பது என் வழக்கம். நீங்களும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு அதை எழுதப் போவதில்லை. பள்ளியைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு, நடுவில் ஒரே ஒரு வரியில் மாமியாரை ஊருக்கு அனுப்பிவைத்து, "அது வேறு விஷயம்" என்று முடித்திருக்கிறீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

வேறு விஷயமா அது?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரசவ விடுப்பு 26 வாரம். அப்படியானால் உங்கள் மகள் ஆறு மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து, மூன்று வருடம், விடிந்தது முதல் அவள் பார்த்த முகம் உங்கள் மாமியாருடையது. 2017-ல் திருத்திய சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அது இருக்கிறதா என்று நீங்கள் விசாரித்தே இருக்க மாட்டீர்கள். தேவை வரவில்லை. ஊரில் புருஷனை விட்டுவிட்டு ஒரு அம்மாள் பெட்டியோடு வந்து நின்றுவிட்டார். அந்த மனிதர் மூன்று வருடமாக யார் கையால் சாப்பிட்டார் என்று கடிதத்தில் இல்லை. இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

படத்தைப் பார்த்தேன். பரப்பிய நெல்லில் குழந்தையின் விரல் 'அ' போடுகிறது. அந்த விரலைப் பிடித்திருக்கும் கையைக் கவனித்தீர்களா? தேய்ந்த ஒற்றை வளையல், நரம்பு ஓடிய கை. அது உங்கள் கையும் இல்லை, உங்கள் கணவர் கையும் இல்லை. "எவ்வளவு சமர்த்தாக இருந்தாள்" என்கிறீர்கள். இருக்க மாட்டாளா? யார் மடியில் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள்.

இப்போது அந்த மே மாத இரவுக்கு வருவோம். ஆச்சிக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய குழந்தை காலையில் எழுந்திருக்கிறது. பாயைக் காணோம், ஆச்சியின் சேலை வாசத்தைக் காணோம். "ஆச்சி எங்கே?" என்று கேட்டிருப்பாள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? கடைக்குப் போயிருக்கிறார்கள் என்றா? நாளைக்கு வருவார்கள் என்றா? கடிதத்தில் அதுவும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவள் கற்றுக்கொண்ட பாடம் என்ன என்பது கடிதத்தில் தெளிவாகவே இருக்கிறது: கண்ணை மூடினால் ஆள் போய்விடுவார்கள். அதனால்தான் ராத்திரி நாலைந்து முறை எழுந்து உங்கள் நைட்டியைப் பிடித்துப் பார்க்கிறாள். அது வியாதி இல்லை அம்மா, காவல். மூன்றரை வயதில் ராக்காவல் பார்க்கிற பிள்ளை பகலில் எப்படி நிம்மதியாக டப்பாவைத் திறக்கும்?

அது போதாதென்று, தினமும் காலையில் பள்ளி வாசலில் நீங்களும் அதே பாடத்தை நடத்துகிறீர்கள். அவள் திரும்பிப் பார்க்கும்போது அம்மாவைக் காணோம். ஆயாம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது அழுகையைச் சமாளிக்க வேண்டியவர், அவருக்கு எது சுலபமோ அதைச் சொல்வார். பெற்றவளுக்கு எங்கே போயிற்று யோசனை? நம் பக்கம் யாராவது "போறேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வோம். திரும்பி வருவேன் என்ற வாக்கு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. உங்கள் மாமியாரை அந்த ஒரு வார்த்தை சொல்ல விடவில்லை நீங்கள். மூன்று வருடம் வளர்த்தவர், பேத்தி தூங்குகிறாளா என்று பார்த்துக் காலடிச் சத்தம் கேட்காமல் வாசலைத் தாண்டியிருக்கிறார். ஆம்னி பஸ்ஸில் ராத்திரி முழுக்க அவர் தூங்கியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? அவர் பக்கத்து ரகளையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் இதில் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆசிரியப் பயிற்சிக்காக நான் வெளியூர் போனபோது என் மகனுக்கு நாலு வயது. என் அம்மா அவனைக் கொல்லைப்புறம் கோழியைக் காட்டக் கூட்டிப் போக, நான் வாசல் வழியாக நழுவினேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். அப்புறம் எட்டு மாதம் கோழி பக்கமே அவன் போகவில்லை என்று அம்மா சொன்னார்.

உங்கள் மாமியார் ஊருக்குப் போனதே தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் வீடு இருக்கிறது, அங்கே ஒரு மனிதர் காத்திருந்தார், திரும்பிப் போக அவருக்கு உரிமை உண்டு. பள்ளி திறக்கும் வாரம் பார்த்து, வேலை முடிந்த ஆளுக்குக் கணக்குத் தீர்ப்பது மாதிரி அனுப்பியதைத்தான் சொல்கிறேன். ஒரு மாதம் முன்னாலேயே "ஆச்சி தாத்தாவிடம் போகப் போகிறேன், நீ பள்ளிக்கூடம் போகப் போகிறாய்" என்று அவரே குழந்தையிடம் சொல்லியிருக்கலாம். இல்லை, ஜூன் முழுக்க இருந்து அவரே வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். எங்கள் தெரு அங்கன்வாடியில் முதல் வாரம் முழுக்க ஏதாவது ஒரு பாட்டி நிலைப்படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பார். டீச்சரும் போகச் சொல்ல மாட்டார். உள்ளே பிள்ளை அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடும்.

இவ்வளவையும் உங்களிடம் மட்டும் சொல்வது நியாயம் இல்லை. அது அவர் அம்மா. உங்கள் கணவர் இந்தக் கடிதத்தில் எங்கேயுமே காணோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனவர் அவர்தானே? பெற்றவளை வரவழைத்து வேலை வாங்கத் தெரிந்த மகனுக்கு, விடை கொடுத்து அனுப்பத் தெரிய வேண்டாமா? இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மாண்டிசோரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மரியா மாண்டிசோரி 1939-ல் நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். மறு வருடம் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் அவருடைய மகன் மரியோவைப் பிரிட்டிஷ் அரசு பிடித்து அடைத்துவிட்டது. அம்மாவின் 70-வது பிறந்தநாளுக்குப் பரிசாகத்தான் அவரை விடுவித்தார்கள். மகனுக்கு அப்போது 42 வயது. 42 வயது மகனைக் கண்ணில் காட்டுவது பரிசு என்றால், மூன்றரை வயதுக்கு ஆச்சி யார் என்று யோசியுங்கள். மற்றபடி, பள்ளியை மாற்ற வேண்டாம். இன்னொரு புது வாசல், இன்னொரு புது ஆயாம்மா, எதற்கு? டாக்டரிடம் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் வீட்டில் சமீபத்தில் என்ன மாறியது என்று அவரும் கேட்பார். அங்கேயும் "அது வேறு விஷயம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் பொதிகை ரயிலைப் பிடியுங்கள், மூன்று பேரும். சனிக்கிழமை காலையில் சங்கரன்கோவிலில் இறங்கலாம். ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆச்சி எங்கே இருக்கிறார், எந்தத் திண்ணையில் உட்காருகிறார், தாத்தா எங்கே படுக்கிறார், எல்லாவற்றையும் குழந்தை கண்ணால் பார்க்கட்டும். காணாமல் போன ஆள் ஒரு இடத்தில் இருக்கிறார் என்று தெரிவதே அவளுக்குப் பாதித் தூக்கம். மாமியாரைத் திரும்ப வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். வருவதும் வராததும் அவர் இஷ்டம். முதலில் மன்னிப்புக் கேளுங்கள், அதுவும் குழந்தை காதில் விழும்படி.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவள் விழித்திருக்க வேண்டும். ஆச்சி வாய் திறந்து சொல்ல வேண்டும், இவளும் சொல்ல வேண்டும். ஊரே கூடும் அளவுக்கு அழுவாள். அழட்டும், மே மாதம் அழ வேண்டிய அழுகைதான் அது. திங்கள்கிழமையிலிருந்து பள்ளி வாசலில் நழுவுவதை நிறுத்துங்கள். குனிந்து முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டு முடித்து, பாட்டுப் பாடி, செருப்பு போட்டதும் அம்மா வந்துவிடுவேன். போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடங்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் போய் நில்லுங்கள். அதற்கு அலுவலகத்தில் ஒரு வாரம் யாரிடமாவது சண்டை போட வேண்டியிருந்தால் போடுங்கள். உங்கள் கணவரும் போடலாம்.

டப்பா திரும்பி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஊருக்குப் போகும்போது, அவளுக்கு மத்தியானம் என்ன பிசைந்து ஊட்டினார் என்று ஆச்சியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது.