கடைசி பஸ்ஸை முதலில் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இலங்கைப் போக்குவரத்துச் சபையில் (இ.போ.ச.) 29 வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மலைநாட்டில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை ரோட்டுகளிலேயே என் இளமை போனது. இந்த 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31, வியாழக்கிழமை. மேற்கு நாட்டுக்காரர்கள் ஹாலோவீன் கொண்டாடுவதும் அதே நாள். அடுத்த சனிக்கிழமை, கிறிஸ்தவர்கள் இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள். அதனால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எப்படிப் போவது, எப்படி வீடு திரும்புவது என்றுதான் கேட்கின்றன.

கேள்வி: தீபாவளிச் சாமான் வாங்க 30ஆம் திகதி ஹட்டனுக்குப் போகிறோம். தோட்டத்தில் தரும் தீபாவளி முற்பணம் கைக்கு வருவதே அதற்கு முதல் நாள்தான். மூன்று பிள்ளைகளும் வருவார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு நாலே நாலு பஸ். எத்தனை மணிக்குப் புறப்பட்டால் நல்லது?
— வாசகி, பொகவந்தலாவை

பதில்: புறப்படும் நேரத்தைக் கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. நான் திரும்பும் நேரத்தில் இருந்து தொடங்குகிறேன்.

தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த பஸ் இரவில் எங்கே நிற்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் தோட்டத்திலேயே நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து எழும்பி, விடியற்காலையில் அதே பஸ்ஸை முதல் பஸ்ஸாக டவுனுக்குக் கொண்டுவருவார்கள். ராத்திரி கடைசி பஸ்ஸும் காலை முதல் பஸ்ஸும் ஒரே வண்டிதான். அந்த ஒன்று பழுதுபட்டால் ராத்திரி வீட்டுக்கும் போக முடியாது, காலையில் டவுனுக்கும் வர முடியாது.

அப்படி ஒரு தீபாவளி முதல் நாளை நான் பார்த்திருக்கிறேன். எந்த டிப்போ என்று எழுதப் போவதில்லை. மாலையில் தோட்டத்துக்குப் போக வேண்டிய வண்டியை வேறு ரூட்டுக்கு எடுத்துவிட்டார்கள், பதிலுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. நல்ல மழை. ஸ்டாண்டில் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். ஒரு அம்மா பிள்ளைகளின் புதுச் சட்டைப் பொட்டலத்தை நனையாமல் சேலைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு, "அண்ணே, வருமா? வருமா?" என்று கால் மணிக்கொரு தடவை என்னிடம் வந்து கேட்டார். எனக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனால் சீருடையோடு நிற்கிறேனே, விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இரவு பத்து மணி தாண்டி ஒரு தேயிலைக் கொழுந்து லொறிக்காரரைக் கெஞ்சி எல்லாரையும் ஏற்றிவிட்டோம். அந்த அம்மா கேட்ட குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்புங்கள். அது தவறினால் கடைசி பஸ் கையில் இருக்கும். காலையில் முதல் பஸ்ஸில் போனால் எட்டு மணிக்குக் கடை திறக்கும்போதே டவுனில் நிற்பீர்கள். ஐப்பசியில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வரும், அதற்குள் வேலை முடிந்துவிடும். உடுப்பை ஹட்டனில் வாங்குங்கள். மாவு, எண்ணெய், சீனி எல்லாம் பொகவந்தலாவையிலோ நோர்வூட்டிலோ வாங்கலாம், ஹட்டனில் இருந்து தூக்கி வரத் தேவையில்லை. பெருநாளுக்கு முதல் நாள் ஹட்டனில் நடைபாதைக் கடைகள் ரோட்டுக்கே வந்துவிடும், பஸ் டவுனை விட்டு வெளியே வரவே நேரமெடுக்கும். அந்த நெரிசலில் மூன்று பிள்ளையும் சாமானும் பெரிய பாடு. முடிந்தால் அளவுச் சட்டையைக் கொண்டுபோய், சின்னவர்களைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள். 'கூட்டிப் போகாமல் எப்படி, வருடத்துக்கு ஒரு நாள்தானே' என்று நினைத்தால் அதுவும் நியாயம்தான். அப்போது ஒரு பெரிய ஆள் பிள்ளைகளோடு அரை மணி முன்னதாக ஸ்டாண்டுக்கு வந்து நிற்கட்டும்.

இன்னொன்று. காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம், "தம்பி, பின்னேரம் வண்டி கட்டாயம் வருமா?" என்று கேளுங்கள். டைம் கீப்பரிடமும் கேளுங்கள். ஸ்டாண்டில் அவருக்குத்தான் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று தெரியும். கேட்டால் கோபிப்பார்கள் என்று நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். அது அவர்களுடைய வேலை, கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் 26ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம் ஹாலோவீன் விழா. வகுப்பு நண்பிகள் நாலு பேர் போக ஆசைப்படுகிறோம். தீபாவளி நேரத்தில் பேய் விழாவா என்று அம்மா ஏசுகிறார். பஸ்ஸில் போய் வரலாமா?
— மாணவி, தலவாக்கலை

பதில்: மகள், முதலில் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. ஹாலோவீன் என்பது நவம்பர் 1ஆம் திகதி வரும் சகல புனிதர்கள் திருநாளின் முந்தின இரவு. அதன் வழக்கங்கள் பலவும் அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்தில் இருந்து வந்தவை. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் குடியேறிய பிறகு, அங்கே கிடைத்த பூசணிக்காய்க்கு மாறினார்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்து விழா அது. பிள்ளைகள் வேஷம் போட்டு இனிப்பு வாங்குவதில் பயப்பட ஒன்றும் இல்லை.

நான் பயப்படுவது பாதைக்குத்தான். தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா, நுவரெலியா என்று பகலில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. இருட்டினதும் குறைந்துவிடும். தனியார் பஸ்ஸில் ஆள் சேராவிட்டால் எடுக்க மாட்டார்கள். ஏழு மணிக்கு மேல் நுவரெலியாவில் நின்றுகொண்டு பஸ்ஸை நம்பாதீர்கள். ரயிலில் வரலாமே என்று நினைக்கலாம். ஸ்டேஷன் நானுஓயாவில், டவுனில் இருந்து எட்டு கிலோமீற்றர். ஒரு காலத்தில் நானுஓயாவில் இருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குச் சின்னக் கோச்சி (ரயில்) ஓடியது. 1903இல் நுவரெலியாவுக்கு வந்தது, 1940களில் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். அது இன்றைக்கு இருந்திருந்தால் உங்களுக்கு நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

விழா நாலு மணிக்குத் தொடங்கினால், ஆறு மணிக்கு எழும்பி வருவதாக அம்மாவிடம் சொல்லுங்கள். அப்படியே எழும்பி வாருங்கள். அதற்கு மேல் நிற்க ஆசையென்றால் நாலு வீட்டாரும் சேர்ந்து தெரிந்தவரின் வேன் ஒன்றைப் பேசட்டும். முகமூடியும் கறுப்புச் சட்டையும் பையில் இருக்கட்டும், அங்கே போய்ப் போடுங்கள். பனிமூட்டத்தில் வளைவில் வரும் டிரைவருக்குக் கறுப்புச் சட்டை கண்ணில் படாது, உங்கள் முன்னாலேயே வந்துவிடுவார். வெள்ளை ஸ்வெட்டர் ஒன்று எடுத்துப்போங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பின்னேரக் குளிர் தலவாக்கலை மாதிரி இருக்காது.

கேள்வி: மகனைப் பார்க்க டொரொன்டோ வந்திருக்கிறேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரனுக்கு ஏழு வயது. ஹாலோவீன் பார்க்க பஸ்ஸில் கூட்டிப்போ என்று நச்சரிக்கிறான். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான்.
— வாசகி, ஸ்காபரோ (ஊர்: வட்டகொடை)

பதில்: அம்மா, 2019இல் மகளைப் பார்க்கப் போய் நானும் அங்கே இரண்டு மாதம் இருந்தேன். கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் ஏறியதும் கை தானாக டிக்கெட் புத்தகத்தைத் தேடியது. அங்கே 12 வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, பேரனைத் தைரியமாகக் கூட்டிப் போங்கள். நீங்கள் கட்டணத்துக்கான பிரெஸ்டோ அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் எந்த பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் மாறி ஏறலாம், திரும்பவும் காசு வெட்டாது. ஏற முடியாவிட்டால் டிரைவர் முன்பக்கத்தைத் தாழ்த்தித் தருவார். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! நம் ரோட்டில் அப்படி ஒரு பஸ்ஸைப் பார்த்துவிட்டுத்தான் கண் மூட வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் ஏறிய ஸ்காபரோ சின்ன ரயில் இப்போது இல்லை, 2023 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். பழைய வழி சொல்பவர்கள் இருப்பார்கள், கவனம். அதற்குப் பதிலாக பஸ்தான் ஓடுகிறது.

பூசணிக்காய் பார்க்கவும் விழா பார்க்கவும் முந்தின சனி, ஞாயிறில் பகலில் போங்கள். 31ஆம் திகதி பின்னேரத்துக்கு பஸ் வேண்டாம். பிள்ளைகள் தங்கள் தெருவிலேயே வீடு வீடாகப் போவார்கள். வாசல் விளக்கு எரிகிற வீட்டில்தான் தட்ட வேண்டும், விளக்கு அணைந்திருந்தால் கடந்துபோக வேண்டும். ஆறரை மணிக்கே இருட்டிவிடும். வேஷத்துக்கு மேலே கோட்டு போட மாட்டேன் என்று பேரன் அழுவான், உள்ளே போட்டுவிடுங்கள். உங்கள் வாசல் தீபாவளி விளக்கையும் ஏற்றி வையுங்கள். இந்த வருடம் இரண்டும் ஒரே நாள் அல்லவா, வருகிற பிள்ளைகளுக்கு மிட்டாயோடு ஒரு முறுக்கும் கொடுக்கலாம்.

கேள்வி: 2024 ஒக்டோபரில் குறைந்த பஸ் கட்டணம் 27 ரூபாய் ஆனது. 30 கொடுத்தால் மீதியைத் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், கொட்டகலை

பதில்: கேட்டு வாங்குங்கள். மூன்று ரூபாய்தானே என்று விடாதீர்கள். டிக்கெட்டும் கேளுங்கள். தரவே மறுத்தால் பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 1955க்கு அழையுங்கள், அது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம்.

கேள்வி: நான் கொழும்பில் உடுப்புக் கடையில் வேலை. தீபாவளி முடியும் வரை லீவு கிடையாது. நவம்பர் 1ஆம் திகதி இரவுதான் வெளிக்கிடலாம், திங்கட்கிழமை காலையில் கடையில் நிற்க வேண்டும். அம்மா போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள். அவரைப் புதைத்தது அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் தோட்டத்தில். போய் வர முடியுமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடியும், மகள். போய் வாருங்கள்.

தீபாவளிக்கு ஊர் போக வேண்டியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகு நீங்கள் ஊருக்குப் போகிறீர்கள். போகும்போது கூட்டம் குறைவாக இருக்கும். கோட்டையில் இருந்து பதுளைக்குப் போகும் இரவு மெயிலில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் அன்றைக்கே வாங்கலாம். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் அது நடுச்சாமம் தாண்டித்தான் நிற்கும். தலவாக்கலையில் இறங்கி, வெளிச்சம் வரும் வரை ஸ்டேஷனை விட்டு வெளியே போகாதீர்கள். கடமையில் இருக்கிற ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வெளிச்சமான இடத்தில் உட்காருங்கள். அந்த நேரத்தில் ஆட்டோக்காரர் யார் கூப்பிட்டாலும் ஏற வேண்டாம். விடிந்ததும் அக்கரப்பத்தனை பஸ் வரும். வெள்ளிக்கிழமை பகல் முழுக்கப் பெரிய மழை என்றால், ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மண்சரிவு விழுந்தால் கோச்சி வழியில் எங்காவது நின்றுவிடும்.

பூவும் மெழுகுவர்த்தியும் தலவாக்கலையில் வாங்கலாம். தோட்டத்துக் கல்லறைகளில் காற்று அதிகம். ஒரு ஜாம் போத்தல் கொண்டுபோனால் அதற்குள் வைத்து ஏற்றலாம், அணையாது.

திரும்புவதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை மலைநாடே கொழும்புக்கு இறங்கும். கோச்சியில் பதிவு செய்யும் இடங்கள் ஒரு மாதத்துக்கு முன்பே போய்விடும். தலவாக்கலையில் ரோட்டோரம் நின்று வருகிற பஸ்ஸில் ஏறப் பார்க்காதீர்கள், நுவரெலியாவிலேயே நிரம்பி வரும். காலையிலேயே ஹட்டனுக்கு வந்து, அங்கே இருந்து புறப்படுகிற கொழும்பு பஸ்ஸில் உட்கார்ந்துவிடுங்கள். மத்தியானத்துக்கு முன் ஏறினால் கினிகத்தேனை, கித்துல்கலை வளைவுகளை மழைக்கு முன்னால் கடந்துவிடுவீர்கள். அதற்கு ஞாயிறு காலை தோட்டத்தில் இருந்து முதல் பஸ் எடுக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி அது வந்து நிற்கிற இடத்துக்குப் போய் டிரைவரிடமே சொல்லி வையுங்கள், இந்த லயத்துச் சந்தியில் ஒரு பிள்ளை நிற்கும் என்று. அவர் பார்த்து நிறுத்துவார்.