சீல் விட்ட மீன் பாக்கெட்டை என்ன செய்வது?

நான் இறால், மீன் பதப்படுத்தும் ஆலைகளில் தரம் பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். ஃப்ரீசர் மீன் பற்றி வாசகர்கள் அனுப்பியதில் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய வஞ்சிரம் வேக்கம் பாக்கெட் (காற்றை உறிஞ்சி எடுத்து சீல் வைத்தது), வீட்டில் பார்த்தால் காற்று புகுந்து தளர்ந்திருந்தது. மீன் கல் போலத்தான் இருக்கிறது. சமைக்கலாமா? (வாசகி, மதுரை)

கல் போல இருப்பது இன்றைய நிலை. போன வாரம் எப்படி இருந்தது என்று அது சொல்லாது. அதனால் பாக்கெட்டுக்குள் இருக்கும் பனியைப் பாருங்கள். துண்டுகள் தனித்தனியாக இருந்து, மேலே பொடிப்பனியும் அங்கங்கே பஞ்சு மாதிரி காய்ந்த வெள்ளைத் திட்டும் மட்டும் தெரிந்தால், காற்று பட்டு ஈரம் போயிருக்கிறது. குளிர் விடாமல் இருந்திருந்தால் இதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் போயிருக்கும்.

பாக்கெட்டின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி உறைந்த கட்டி, அதுவும் இளஞ்சிவப்பாக, துண்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்த வடிவில் இருந்தால் அது வேறு கதை. எங்கேயோ உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. வழியில் வண்டியிலா, கடை ஃப்ரீசரிலா என்று நமக்குத் தெரியாது. அதைச் சமைக்க வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். வஞ்சிரம், சூரை, அயிலை, மத்தி வகைகளில் குளிர் தவறினால் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாத பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, மறுபடி உறைய வைத்தாலும் போகாது. வாசனையில் தெரியாமலும் இருக்கலாம். சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முகம் சிவந்து, தலை வலித்து, வாய் எரியும்.

சீல் ஏன் விடுகிறது என்று பலர் கேட்கிறார்கள். சீல் வைக்கும் இடத்தில் ஒரு சொட்டு மீன் நீரோ ஒரு செதிலோ இருந்தால் போதும், பிளாஸ்டிக் சரியாக ஒட்டாது. பார்க்க ஒட்டினாற்போல இருந்து, ஃப்ரீசருக்குப் போய் வந்ததும் திறந்துகொள்ளும். உறைந்த முள்ளின் நுனியும் உறையை ஊசி மாதிரி குத்திவிடும். ஆலையில் நாங்கள் அதிகம் சண்டை போட்டதே இந்த இரண்டுக்காகத்தான்.

கேள்வி: 500 கிராம் இறால் என்று போட்டிருந்தது. ஐஸ் கரைந்ததும் நிறுத்தால் 380. ஏமாற்றா? (வாசகர், திருச்சி)

இறால் காய்ந்துவிடாமல் இருக்க மேலே மெல்லிய பனிப்பூச்சு கொடுப்பது வழக்கம், அது தவறில்லை. ஆனால் உறையில் போடும் நிகர எடையில் அந்தப் பனி சேரக்கூடாது. நீங்கள் முழுக்க உருக விட்டு நிறுத்திருக்கிறீர்கள். அப்போது இறாலின் சொந்த நீரும் கொஞ்சம் வடிந்திருக்கும். அடுத்த முறை குளிர்ந்த நீரில் காட்டி மேல்பனி போனதும், உள்ளே உறைந்திருக்கும்போதே வடித்து நிறுங்கள். அப்போதும் பெரிதாகக் குறைந்தால் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் எடையளவுப் புகார்களைத் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது. பாக்கெட்டையும் பில்லையும் வைத்திருங்கள்.

கேள்வி: கிழிந்த பாக்கெட்டைக் கொண்டுபோனால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, பில்லிலேயே போட்டிருக்கிறது' என்கிறார்கள். (வாசகி, கோவை)

பில்லில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், அப்படி எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள். ஆனால் மீனுக்கு 30 நாள் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

போவதற்கு முன் பாக்கெட்டைப் பிரிக்காமல் போட்டோ எடுங்கள். கிழிசல், பேட்ச் எண், தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் தெரிய வேண்டும். பிறகு ஐஸ் பையில் வைத்துக் கொண்டுபோங்கள். உருகிய நிலையில் நீட்டினால், 'நீங்கள் வெளியே வைத்திருப்பீர்கள்' என்ற ஒரே பதிலில் முடிந்துவிடும். எனக்கே நடந்திருக்கிறது. ஒரு கடையில் கணவாய் பாக்கெட்டை வெறும் கையில் கொண்டுபோய், அரை மணி நேரம் நின்று, ஒன்றும் நடக்காமல் திரும்பினேன்.

பில் போடும் பிள்ளையிடம் கோபப்படாதீர்கள். பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் பெரும்பாலும் அவர்களுக்கு இருப்பதில்லை. மேலாளரைக் கேளுங்கள். அங்கேயும் மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம், பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைக்கும் பேட்ச் எண்ணோடு எழுதுங்கள். அந்த பேட்சில் சீல் இயந்திரம் தவறியிருந்தால், உங்கள் கடிதம் இன்னும் நூறு வீட்டுக்கு உதவும்.

கேள்வி: வேக்கம் பாக்கெட்டை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்து உருக விடலாமா? (வாசகர், சென்னை)

ஃப்ரிட்ஜில் வைப்பது சரி, அப்படியே வைப்பது சரியில்லை. முதலில் பாக்கெட்டைக் கத்தரித்துத் திறந்துவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் கிருமியில் ஒரு வகை, 4 டிகிரிக்குக் கீழேகூட வளரக்கூடியது. காற்று புகுந்தால் அதற்கு வசதி போய்விடும். சில நிறுவனங்கள் இதை உறையிலேயே அச்சிடுகின்றன. எல்லோரும் கண்டிப்பாக அச்சிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: கரண்ட் போய் இறால் பாதி இளகிவிட்டது. மறுபடி உறைய வைக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

உள்ளே இன்னும் பனித்துகள் இருந்து, தொட்டால் ஃப்ரிட்ஜ் குளிர் இருந்தால் வைக்கலாம், கொஞ்சம் கொளகொளப்பாகும். முழுக்க இளகி, குளிரும் விட்டு வெளிச்சூட்டில் இரண்டு மணி நேரம் இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். நம் ஊர் வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே அதிகம்.