மே மாதத்துக்குள் 456 ரூபாய்

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. மதுரையில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். மாதம் 1,000 ரூபாய் கட்டும் பாலிசி எடுக்கச் சொல்கிறார் தெரிந்த ஏஜென்ட் ஒருவர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு வீட்டில் வேலை நின்றாலே தவணை தவறிவிடும். தொடக்க ஆண்டுகளில் பாலிசி காலாவதியானால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும்.

முதலில் அம்மாவின் வங்கி பாஸ்புக்கைப் பாருங்கள். மே கடைசியில் 436, 20 என்று இரண்டு பிடித்தங்கள் இருக்கின்றனவா? 436 ரூபாய், மத்திய அரசின் ஆயுள் காப்பீட்டுத் திட்டமான பிரதான் மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனாவுக்கான ஆண்டுப் பிரீமியம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். 50 வயதுக்குள் சேர்ந்தால் 55 வரை தொடரலாம். 20 ரூபாய், சுரக்ஷா பீமா யோஜனாவுக்கானது. இது விபத்துக்கு மட்டும், 70 வயது வரை. மரணத்துக்கு 2 லட்சம். ஒரு கையோ காலோ நிரந்தரமாகச் செயலிழந்தால் 1 லட்சம்.

சேராவிட்டால் இப்போதே வங்கியில் படிவம் கொடுங்கள். ஜீவன் ஜோதியில் முதல் 30 நாட்களுக்கு விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும்.

ஆனால் சேர்வதைவிடத் தொடர்வதுதான் கடினம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குவதால் மே கடைசி வாரத்தில் வங்கி பணம் பிடிக்கும். பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் கணக்கைத் துடைத்து எடுப்பதும் அதே வாரத்தில்தான். தாயை இழந்த ஒரு பெண் என்னிடம் கொண்டுவந்த பாஸ்புக்கில் நான்கு வருடம் ஜீவன் ஜோதி பிடித்தம் வரிசையாக இருந்தது. ஐந்தாவது மே மாதத்தில் இருப்பு 212 ரூபாய். அந்த அம்மா இறந்தது செப்டம்பரில். ஒரு ரூபாய்கூட வரவில்லை. அந்தப் பக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை. மே 20-க்குள் 456 ரூபாய் கணக்கில் இருக்கட்டும். ஜூனில் பாஸ்புக்கில் பதிவு போட்டுச் சரிபாருங்கள். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தாலும் ஒன்றில் மட்டும் சேருங்கள். இரண்டு முறை கட்டினாலும் ஒரு தொகைதான் கிடைக்கும்.

மருத்துவச் செலவுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்குங்கள். பிரீமியம் கிடையாது. வீட்டுப் பணியாளர் நல வாரியத்திலும் பதிந்துவிடுங்கள். 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் கேட்க அந்தப் பதிவு வேண்டும்.

ஜீவன் ஜோதியிலும் சுரக்ஷாவிலும் வாரிசுதாரராக யார் பெயர் இருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். உங்கள் பெயர் என்றால், ஆதாரில் உள்ள எழுத்துகளோடு அது ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.