என் வாசலில் என் வண்டி நிற்கக் கூடாதா?

கேள்வி: ஃப்ளோரிடாவில் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. என்னிடம் ஒரு பிக்கப் டிரக் இருக்கிறது. என் மைத்துனர் ஏசி மெக்கானிக், எங்களோடுதான் தங்கியிருக்கிறார். கம்பெனி பெயர் எழுதிய வேனில் வேலைக்குப் போய் வருவார். இரண்டு வண்டியும் எங்கள் டிரைவ்வேயில்தான், அதாவது தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் எங்கள் பாதையில்தான் நிற்கும். போன வாரம் எச்.ஓ.ஏ.விலிருந்து, அதாவது எங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. டிரக்கும், எழுத்து போட்ட வண்டியும் வெளியே தெரியும்படி நிற்கக் கூடாதாம். 14 நாளில் எடுக்காவிட்டால் அபராதமாம். கராஜில் இடமில்லை. லோன் கட்டுவது நான், வரி கட்டுவது நான். இவர்கள் யார் கேட்பதற்கு? சங்கத்துக்குக் கட்டும் பணத்தை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். நிறுத்தலாமா?

பதில்: பணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். அபராதம் வேறு, சங்கத்துக்குக் கட்டவேண்டிய தொகை வேறு. அந்தத் தொகை பாக்கி விழுந்தால் சங்கம் உங்கள் வீட்டின் மேல் உரிமைப்பதிவு (lien, பாக்கிக்கு வீட்டையே ஈடாக்கும் பதிவு) போடலாம், வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும் அளவுக்கு வழக்கும் நடத்தலாம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது நீங்களே அவர்கள் கையில் ஆயுதத்தைக் கொடுக்க வேண்டாம்.

"இவர்கள் யார்" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் சங்கத்தின் விதிகள் வீட்டோடு சேர்ந்து வந்த சீர்வரிசை மாதிரி. கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பதிவான ஆவணம் அது. வீட்டை யார் வாங்கினாலும் அவரைக் கட்டுப்படுத்தும். நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தக் கனமான காகிதக் கட்டில் அதுவும் இருந்திருக்கும். யார்தான் படிக்கிறார்கள்!

சரி, இனி நல்ல செய்தி. உங்களுக்குக் கடிதம் எழுதியவர் பழைய விதிப்புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. 2024 ஜூலை 1 முதல் ஃப்ளோரிடாவில் சட்டம் மாறிவிட்டது. மாநிலச் சட்டத்தின் 720.3075 பிரிவைப் பாருங்கள். வீட்டுக்காரரோ, வாடகைக்கு இருப்பவரோ, விருந்தாளியோ தன் சொந்த வண்டியை டிரைவ்வேயில் நிறுத்துவதைச் சங்கத்தின் ஆவணங்கள் தடுக்கக் கூடாது. பிக்கப் டிரக் என்று பெயர் சொல்லியே அதில் எழுதியிருக்கிறது. வேலைக்குப் போகும் வண்டிக்கும் அதே பாதுகாப்பு உண்டு, அதன் மேல் என்ன பெயர், என்ன சின்னம் இருந்தாலும் சரி. ஒரே நிபந்தனை, அது சட்டம் சொல்லும் 'வணிக மோட்டார் வாகனமாக' இருக்கக் கூடாது. அதாவது 26,001 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள வண்டி, அல்லது எடை எவ்வளவானாலும் மூன்றோ அதற்கு மேலோ சக்கர அச்சு உள்ள வண்டி. ஏசி மெக்கானிக் ஓட்டும் சாதாரண வேன் அந்த எடையில் பாதியைக்கூடத் தொடாது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். உங்கள் டிரக்கை டிரைவ்வேயில் மட்டுமல்ல, சட்டப்படி உங்களுக்கு நிறுத்த உரிமை உள்ள வேறு இடத்திலும் நிறுத்தலாம். மைத்துனரின் வேனுக்கு டிரைவ்வே மட்டும்தான். இடம் போதவில்லை என்று ஒருநாள் அதைத் தெருவில் விட்டால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. படகு, டிரெய்லர் பற்றியும் இதில் பேச்சில்லை.

அடுத்தது அந்த 14 நாள். அதை அவர்கள் கெடு மாதிரி எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அது உங்களுக்கான அவகாசம். அபராதம் போடுவதற்கு முன் 14 நாளாவது முன்னறிவிப்பு கொடுத்து, உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். கேட்பது நிர்வாகக் குழு இல்லை. குறைந்தது மூன்று பேர் கொண்ட தனிக் குழு. நிர்வாகிகளின் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் அதில் உட்காரக் கூடாது. அந்தக் குழுவில் பெரும்பான்மை ஒப்புக்கொள்ளாவிட்டால் அபராதம் கிடையாது. அப்படியே போட்டாலும், சங்க ஆவணம் வேறு மாதிரி சொல்லாதவரை ஒரு மீறலுக்கு 100 டாலர் வரைதான். தொடர்ந்தால் மொத்தம் 1,000 டாலர் வரை. 1,000 டாலருக்குக் குறைந்த அபராதத்துக்காக வீட்டின் மேல் உரிமைப்பதிவு போட முடியாது.

ஆகவே சண்டை வேண்டாம், கடிதம் போதும். போனில் பேசாதீர்கள். போனில் சொன்னதெல்லாம் காற்றோடு போகும். எந்த விதியின் எந்தப் பிரிவை மீறினோம் என்று கேளுங்கள், 720.3075-ஐக் குறிப்பிடுங்கள், இரண்டு வண்டிகளின் எடை விவரத்தையும் டிரைவ்வேயில் அவை நிற்கும் படத்தையும் இணையுங்கள், அபராதம் பற்றி மேற்கொண்டு பேசுவதானால் விசாரணை வேண்டும் என்று முடியுங்கள். 'உங்களுக்கு வேறு வேலை இல்லையா' என்ற வரியை முதல் பிரதியில் எழுதத்தான் தோன்றும். எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். ரசீது வரும்படி சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்புங்கள். கூடவே சங்கத்தின் ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். கோரிக்கை கிடைத்து 10 வேலை நாளுக்குள் அவர்கள் காட்டியாக வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சட்டம் கட்டிப்போடுவது சங்கத்தைத்தான், நகராட்சியை அல்ல. மயாமிக்குப் பக்கத்தில் கோரல் கேபிள்ஸ் என்று ஒரு ஊர். பிக்கப் டிரக்கை இரவில் வீட்டுக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்று அங்கே நகராட்சியே விதி வைத்திருந்தது. ஒருவர் வழக்குப் போட்டார். 2007-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 2010-இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றி நகராட்சி விதி செல்லும் என்றது. கடைசியில் 2012 நவம்பரில் ஊர் மக்களே ஓட்டுப் போட்டுத்தான் அது தளர்ந்தது. உங்கள் ஊரில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று நகராட்சியின் வலைத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் யாராவது புகார் சொல்லி இந்தக் கடிதம் வந்திருக்கலாம், அவரையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். யார் என்று உங்களுக்குத் தெரியாது, தேடவும் வேண்டாம். ஆனால் புகார் டிரக்கைப் பற்றியதாகவே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெரிய பிக்கப் 19, 20 அடி நீளம் வரும். பின்னால் வேனும் நின்றால் அதன் வால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வருகிற அம்மா தெருவில் இறங்கித்தான் போகவேண்டும். நடைபாதையை மறித்து நிறுத்த ஃப்ளோரிடா சட்டமே இடம் கொடுப்பதில்லை. அப்படி ஒரு போட்டோ அவர்கள் கையில் இருந்தால், மேலே நான் எழுதிய பிரிவு, எடை, அச்சுக் கணக்கு எல்லாம் வீண். இன்று சாயங்காலம் இரண்டு வண்டியும் வந்து நின்றபிறகு டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய் அளந்து பாருங்கள். கடிதத்தை அப்புறம் எழுதலாம்.