முதல் வகைப் புயலுக்கா இவ்வளவு தண்ணீர்?

புயல்களை ஒன்று முதல் ஐந்து வரை பிரிக்கும் அந்த வகை எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். ஓடு ஒன்றுகூடப் பறக்காமல் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததாகச் சொல்கிறீர்களே, அது மழையாலோ கடல் பொங்கியதாலோ வந்திருக்கும். இரண்டுமே அந்த எண்ணில் சேராது.

அநேகமாகப் புயல் ஆமை வேகத்தில் நகர்ந்திருக்கும். 2017-இல் ஹார்வி என்ற புயல், காற்று தணிந்த பிறகும் அமெரிக்காவின் டெக்சாஸை விட்டு நகராமல் நாள்கணக்கில் கொட்டித் தீர்த்தது, ஓரிடத்தில் 1,500 மி.மீ.க்கும் மேல்.

தண்ணீர் எப்போது ஏறியது என்று யோசித்துப் பாருங்கள். புயல் கரையைக் கடந்த நேரத்தையொட்டிக் கிடுகிடுவென ஏறியிருந்தால் கடல், அப்புறம் மெல்ல ஏறியிருந்தால் பெரும்பாலும் மழை. சுவரில் உப்புப் பூத்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள், செங்கல் சுவர் நல்ல தண்ணீரில் ஊறினாலும் பூக்கும். கடலோரத்தில் மழைநீரும் கடல்நீரும் சேர்ந்தே வருவதும் உண்டு.